நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். “அவர் நாணயம் உள்ளவர்” என்று ஊரார் ஒருவரைக் குறித்துக் கூறினால், அவரை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்றே நாம் பொருள்கொள்கிறோம். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது மிகப் பொருத்தமே. ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அத்தாளை விற்றால் என்ன விலை கிடைக்கும்? அதனை வெளியிட்ட ரிசர்வ் வங்கி அத்தொகைக்குப் பொறுப்பேற்றிருக்கிறது என்னும் நம்பிக்கையினாலேயே அது மதிப்புப் பெறுகிறது.

முற்காலத்தில் மக்கள் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர். பின்னர்ப் பொன்னாலும் வெள்ளியாலும் செம்பாலும் ஆன காசுகள் வந்தன. அவற்றின்பின் தாள் வந்தது. நம் காலத்திலோ பணம் கண்ணுக்குப் புலனாகாத எண்ணாகிக் கைப்பேசி வழியே செல்கிறது. சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியின் கூடையருகே கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று நிற்கிறது. வாங்குவோர் அதற்கு நேரே கைப்பேசியைக் காட்டுகின்றனர்; நொடிப்பொழுதில் பணம் அம்மூதாட்டியின் வங்கிக் கணக்கைச் சேர்கிறது. இம்மாறுதல் நம் நாட்டில் ஏற்படப் பாடுபட்டோர் பலர். அவருள் ஒருவர், வடநாட்டுச் சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மகனாக வளர்ந்து, பேடிஎம் என்னும் பணப்பரிமாற்ற நிறுவனத்தைத் தோற்றுவித்த விஜய் சேகர் சர்மா. அவர்தம் வாழ்வில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. இரண்டும் நாம் கற்கத்தக்கவை.

பிறப்பும் பள்ளிக் கல்வியும்

உத்தரப் பிரதேசத்தில் அலிகார் என்பது ஒரு நகரம். பூட்டுத் தொழிலுக்கு நம் திண்டுக்கல் பெயர் பெற்றது போல, வடநாட்டில் அலிகார் பெயர் பெற்றது. அந்நகரை அடுத்து, வயல்கள் சூழ அமைந்த சிற்றூர் ஹர்துவாகஞ்ச். 1978 ஆம் ஆண்டு பிறந்த விஜய் சேகர் சர்மா தம் பள்ளிப் பருவத்தை அவ்வூரிற் கழித்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். தாயார் இல்லத்தைப் பேணியவர். பிள்ளைகள் நால்வர். ஆசிரியரின் ஊதியத்தில் அறுவர் உண்டு உடுத்து வாழவேண்டிய குடும்பம் அது. செல்வம் அங்கே இல்லை. ஆயினும் படிப்பின்மீது மதிப்பு இருந்தது.

சர்மா படித்தது இந்தி வழிப் பள்ளியில். அவர் கற்பதில் மிக விரைவுடையவராக விளங்கினார். தம் வயதினர் நடுநிலை வகுப்புகளைக் கடக்கும் பருவத்தில் அவர் மேல்நிலை வகுப்பை எட்டிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோது அவருக்கு வயது பதினான்கே. பதினைந்தாம் வயதில் தில்லிப் பொறியியற் கல்லூரியில் மின்னணுவியல் பயில இடம் பெற்றார். சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் தலைநகரத்துக் கல்லூரியில் காலடி வைத்தது அவ்வீட்டார்க்குப் பெரும் மகிழ்ச்சி அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மொழி என்னும் தடை

கல்லூரியில் அவருக்கு எதிர்பாராத இடர் ஒன்று காத்திருந்தது. ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினர். நூல்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. கணக்கும் அறிவியலும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் அவற்றைச் சுமந்து வந்த மொழி அவருக்குப் புரியவில்லை. ஆசிரியர் வினாவும்போது விடை நெஞ்சில் இருக்கும். வினா இன்னதென்று விளங்காமையால் வாய் திறக்க இயலாது. பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்து பழகியவர் கல்லூரியில் கடைசி வரிசைக்கு நகர்ந்தார். நாளடைவில் வகுப்புக்குச் செல்வதையே குறைத்துக்கொண்டார். இந்நிலையை அவரே பிற்காலத்தில் பலமுறை வெளிப்படையாக எடுத்துக் கூறியிருக்கிறார்.

தாய்மொழி வழிப் படித்தவர் பிறமொழியில் திணறுவது அறிவுக்குறைவு ஆகாது. நீந்தத் தெரிந்தவனும் புதிய ஆற்றில் இறங்கும்போது அதன் ஓட்டத்தை அறியச் சிறிது காலம் வேண்டும். சர்மா ஒரு வழி கண்டார். ஒரே நூலின் இந்திப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தார். பழைய ஆங்கில இதழ்களை வாங்கி, பொருள் முழுதும் விளங்காவிடினும் விடாது படித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கேற்ப, அயல்மொழி சிறிது சிறிதாக அவர் வயப்பட்டது.

அவ்விதழ்கள் மொழியோடு வேறொன்றையும் அவருக்குக் கற்பித்தன. அமெரிக்க நாட்டில் இளைஞர் சிலர் தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் தொடங்கிய சிறு கணினித் தொழில்கள் உலகப் பெருநிறுவனங்களாக வளர்ந்த வரலாற்றை அவர் அவற்றிற் படித்தார். தாமும் அத்தகைய தொழில் ஒன்றைத் தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. வகுப்பில் கழியாத பொழுதைக் கல்லூரிக் கணினி அறையிற் கழித்து, கணினிக்கு ஆணை எழுதும் கலையைத் தாமே பயின்றார். 1997 ஆம் ஆண்டு, கல்லூரியில் இருக்கும்போதே, நண்பர்களோடு சேர்ந்து இணையத்தளம் ஒன்றை அமைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அது பத்து இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

தொழிலும் துன்பமும்

அக்காலத்தில் தொலைபேசியில் ஒருவரது எண்ணை அறிய விரும்புவோர் 197 என்னும் எண்ணைச் சுழற்றி வினவுவர். அவ்வெண்ணையே பெயரிற் சேர்த்து, 2000 ஆம் ஆண்டு ‘ஒன்97 கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தைச் சர்மா தொடங்கினார். கைப்பேசி வைத்திருப்போர்க்குச் செய்திகள், கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை, சோதிடம், நகைச்சுவைத் துணுக்குகள் முதலியவற்றை அனுப்புவது அதன் தொழில்.

தொடங்கிய காலம் நல்ல காலமாக அமையவில்லை. 2001 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் இணையத் தொழில்கள் நலிவுற்றன. கூட்டாளிகள் விலகினர். வரவேண்டிய பணம் காலத்தில் வரவில்லை. கொடுக்கவேண்டிய பணமோ காத்திருக்கவில்லை. தொழிலை நிலைநிறுத்த அவர் நூற்றுக்கு 24 வட்டிக்குக் கடன் வாங்கினார். இவ்வட்டியின் கடுமையைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் இலட்சம் ரூபாய் கடன் பெற்றவர் ஆண்டுக்கு 24,000 ரூபாய், அதாவது மாதந்தோறும் 2,000 ரூபாய், வட்டியாக மட்டுமே கட்டவேண்டும். அவ்வாறு கட்டியபின்னும் முதல் ஒரு காசும் குறைந்திராது.

2004, 2005 ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ இருபத்தேழு வயதினராக இருந்த சர்மாவின் மாத வருவாய் 10,000 ரூபாய் அளவினதே. இவ்வருவாயைக் கேள்வியுற்ற பெண் வீட்டார், பேச்சைத் தொடராது விலகிச் சென்றனர். தந்தையார் மகனை அழைத்து, நிறுவனத்தை மூடிவிட்டு, மாதம் 30,000 ரூபாய் கிடைத்தாலும் போதும், ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுமாறு அறிவுரை கூறினார். அத்தந்தையைக் குறை கூறுவதற்கில்லை. திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தைக் கொண்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். மகன் கடன்பட்டுக் கலங்குவதைக் காண அவர் மனம் ஒப்பவில்லை. சர்மாவோ தந்தையின் அன்பை மதித்தார். தம் முயற்சியை மட்டும் கைவிடவில்லை.

பேடிஎம் பிறந்த வரலாறு

நாட்டில் கைப்பேசி பெருகியது. அதில் பேசுவதற்கு முன்கூட்டியே பணம் கட்டவேண்டும். அதன்பொருட்டு மக்கள் கடைதோறும் சென்று பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் சீட்டு வாங்கினர். இருந்த இடத்திலிருந்தே, கைப்பேசி வழியாகவே, இப்பணத்தைக் கட்ட இயலாதா என்று சர்மா எண்ணினார். இதற்குப் பெரும்பொருள் செலவாகும். இல்லாத சந்தையை நம்பிப் பணத்தை இறைப்பதா என்று நிறுவனத்தின் இயக்குநர்கள் தயங்கினர். சர்மா தமக்குரிய பங்கில் ஒரு பகுதியைக் கொண்டே அம்முயற்சிக்குப் பொருள் தர முன்வந்தார். பிறர் பணத்தைக் கேட்கும் முன் தம் பணத்தை முன்வைத்த அச்செயல் கருதத்தக்கது. இவ்வாறு 2010 ஆம் ஆண்டு பேடிஎம் தோன்றியது. ‘கைப்பேசி வழியே செலுத்துக’ என்னும் பொருள்பட அமைந்த ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். தில்லியை அடுத்த நொய்டாவில் அதன் அலுவலகம் அமைந்தது.

2014 ஆம் ஆண்டு பேடிஎம் ‘மின்பணப்பை’யை அறிமுகப்படுத்தியது. நாம் வங்கியிலிருந்து சிறு தொகையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது போல, வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையை இப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்னர் வண்டிக் கூலிக்கும் கடைப் பொருளுக்கும் அதிலிருந்து செலுத்தலாம். பை நிறுவனத்திடம் இருக்கிறது, பணம் மக்களுடையது. எனவே இத்தொழிலில் நாணயம் இன்றியமையாதது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

2016 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று நடுவண் அரசு அறிவித்தது. நாட்டில் வழங்கிய பணத்தில், மதிப்பளவில் நூற்றுக்கு 86 பங்கு அத்தாள்களே. அதன்பின் வங்கி வாயில்களில் நீண்ட வரிசைகள் நின்றன. நாட்கூலி பெறுவோரும் சிறு வணிகரும் பெரிதும் இடருற்றனர். கையிற் பணமின்றித் திகைத்த மக்கள் பலர் மின்பணப்பையை நாடினர். தேநீர்க் கடையிலும் காய்கறி வண்டியிலும் பேடிஎம்மின் நீலநிறப் பெயர்ப்பலகை தொங்கலாயிற்று. ‘பேடிஎம் கரோ’, அதாவது ‘பேடிஎம் செய்க’, என்னும் விளம்பரத் தொடர் மக்கள் நாவில் வழங்கியது. ஒரு நிறுவனத்தின் பெயர் பணம் செலுத்தும் வினைக்கே பெயராயிற்று.

மறு ஆண்டில், இந்தியாவின் பெருஞ்செல்வருள் மிக இளையவர் என்று அமெரிக்க இதழான ஃபோர்ப்ஸ் சர்மாவைக் குறிப்பிட்டது. அவருடைய செல்வத்தைப் பற்றி இந்தி நாளிதழ் ஒன்றில் படித்த தாயார், இவர்கள் எழுதும் அளவுப் பணம் உன்னிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று மகனிடமே வினவினாராம்.

பொதுவழி திறந்தது

இதற்கிடையில் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில், வங்கிகள் சேர்ந்து நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், 2016 ஆம் ஆண்டு யு.பி.ஐ. என்னும் முறையை ஏற்படுத்தியது. இம்முறையில் பணத்தை முதலில் ஒரு பைக்கு மாற்றவேண்டிய தேவையில்லை. கடையில் உள்ள அட்டையின் கட்டங்களில் கடைக்காரரின் பண முகவரி மறைந்திருக்கிறது. கைப்பேசி அம்முகவரியைப் படிக்கிறது. வாங்குவோர் தொகையையும் தம் மறையெண்ணையும் இடுகின்றனர். உடனே அவ்வாணை கழகத்தின் வழியே வாங்குவோரின் வங்கியை அடைகிறது. அங்கே தொகை கழிக்கப்பெற்று, கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்பெறுகிறது. எந்த வங்கியினரும் எந்த வங்கியினருக்கும் இவ்வாறு செலுத்தலாம். 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் மக்கள் இவ்வழியே பணம் செலுத்தினர்.

தனியார் ஒருவர் அமைத்த பாலத்தின் அருகே எல்லார்க்கும் உரிய பெரும்பாலம் ஒன்று எழுந்தது போன்றது இது. புதிய வழியில் வேறு நிறுவனங்கள் முந்தின. சர்மாவும் 2017 ஆம் ஆண்டு தம் செயலியை யு.பி.ஐ.யுடன் இணைத்தார். வணிகர்களின் தேவை யாதென ஆராய்ந்து, 2019 ஆம் ஆண்டு அவர் நிறுவனம் ஒலிப்பெட்டி ஒன்றை வெளியிட்டது. பணம் வந்தவுடன் தொகையை அப்பெட்டி உரக்கச் சொல்லும். அடுப்பருகே நிற்பவரும் எடைபோடுபவரும் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க இயலுமா? எழுத்தறியாத வணிகரும் காதாற் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். பணம் செலுத்தாமலே செலுத்தியதாகக் காட்டி ஏய்ப்போரின் சூழ்ச்சியும் இதனால் குறைந்தது. சிறு கருவியே ஆயினும், சிற்றூர் வணிகரின் நிலையை அறிந்தவர்க்கே இத்தகைய எண்ணம் எளிதில் தோன்றும்.

சோதனைக் காலம்

2021 ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்97 நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று 18,300 கோடி ரூபாய் திரட்டியது. அதுகாறும் நம் நாட்டில் நடந்த பங்கு வெளியீடுகளில் அதுவே பெரியது. பங்குச் சந்தையில் நடந்த விழாவில் தேசிய கீதம் ஒலித்தபோது சர்மா கண்ணீர் மல்க நின்றார். ஆனால் அன்று மாலைக்குள் 2,150 ரூபாய்க்கு விற்ற பங்கின் விலை நூற்றுக்கு 27 பங்கு சரிந்தது. நிறுவனம் இன்னும் இலாபம் காணாதிருந்ததை எண்ணிப் பலர் ஐயுற்றனர். அதன் பெயரை நம்பிச் சேமிப்பை இட்ட எளியோர் பலர் இழப்புக்கு உள்ளாயினர். பெயரும் புகழும் கணக்கேட்டின் இடத்தை நிரப்பா என்பதை அந்நாள் காட்டியது.

அதனினும் பெரிய சோதனை பின்னர் வந்தது. சிறு சேமிப்பை ஏற்பதற்கும் பணம் அனுப்புவதற்கும் மட்டும் உரிய, கடன் கொடுக்கும் உரிமை இல்லாத, ‘பேமெண்ட்ஸ் வங்கி’ என்னும் ஒருவகை வங்கியை நடத்தச் சர்மாவுக்கு 2015 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொள்கையளவில் இசைவளித்தது. அவ்வங்கி 2017 ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சில், புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கலாகாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2024 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள், அவ்வங்கி தொடர்ந்து விதிகளுக்கு இணங்கி நடவாமையைக் காரணம் காட்டி, மேற்கொண்டு வைப்புத்தொகை பெறுவதையும் தடுத்தது. அத்தடை மார்ச் 15 ஆம் நாளுக்குப்பின் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பிப்ரவரித் திங்களிலேயே சர்மா அவ்வங்கியின் தலைவர் பொறுப்பினின்று விலகினார்.

விதி என்பது தொழிலுக்கு இடையூறு என்று சிலர் எண்ணுவர். பணம் வைத்திருப்பவர் யார், அப்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி ஆராய்ந்தறியாவிடின், ஏமாற்றுவோர் பிறர் பெயரில் கணக்குத் தொடங்கவும் தீய வழியில் வந்த பணத்தை மறைக்கவும் இயலும். பலகோடி மக்களின் பணத்தைக் கையாளும் இடத்தில் சிறு கவனக்குறைவும் பெருந்தீங்காகும். தடை விதித்தபோதே, மக்கள் தம் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்ளவும் செலவிடவும் தடையில்லை என்று ரிசர்வ் வங்கி அறிவித்ததை நாம் கருதவேண்டும். வண்டியை நிறுத்தியவர்கள் அதில் இருந்தவர்களின் உடைமையைக் காத்தனர்.

இத்தாக்குதலால் நிறுவனம் அழிந்துபடும் என்று பலர் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. 2024 ஆம் ஆண்டு மார்ச்சில், வேறு நான்கு வங்கிகளின் துணையோடு யு.பி.ஐ. சேவையை நடத்த அந்நிறுவனம் இசைவு பெற்றது. செலவைக் குறைத்து, வணிகர்க்கான பணியில் கருத்தைச் செலுத்தியது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் ஏறத்தாழ 122 கோடி ரூபாய் இலாபம் ஈட்டியது.

நாம் கொள்ளத்தக்கவை

சர்மாவின் வரலாற்றிலிருந்து மாணவர்கள் அறியவேண்டியவை சில உண்டு. பிறந்த ஊர் சிறிதாயிருத்தலும் பயின்ற மொழி தாய்மொழியாயிருத்தலும் எவருடைய உயர்வுக்கும் தடையாகா. கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவனிடம் அறிவு இல்லை என்று ஆசிரியரோ உடன்பயில்வோரோ முடிவுகட்டுதல் தவறு. அம்மாணவனும் தன்னைப் பற்றி அவ்வாறு முடிவுகட்டிவிடலாகாது. ஒரு நூலை இரு மொழியில் வைத்துப் படித்த உழைப்பை எவரும் மேற்கொள்ளலாம்; அதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. முயற்சியால் ஒருவர் பெருந்தொழிலை உருவாக்கலாம். ஆனால் அத்தொழில் பிறர் பணத்தைக் காக்கும் தொழிலாயின், முயற்சி மட்டும் போதாது. அங்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்கிலும் ஒழுங்கு வேண்டும். பல ஆண்டு உழைத்துப் பெற்ற நற்பெயர் ஓர் அறிவிப்பால் ஆட்டம் காணும் என்பதை 2024 ஆம் ஆண்டு நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. உப்பும் நெல்லும் பொன்னும் தாளும் எண்ணும் எனப் பணம் தன் வடிவை மாற்றிக்கொண்டே வருகிறது. அதனைக் கொடுப்போரும் பெறுவோரும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை மட்டும் மாறாது வேண்டப்படுகிறது. கீரை விற்கும் மூதாட்டி, கண்ணாற் காணாத பணத்தை வந்ததென்று ஏற்று, கட்டுக்கீரையை எடுத்துக் கொடுக்கிறாள். அந்நம்பிக்கையைப் பழுதுபடாது காப்பதே நாணயம்.

பயிற்சி

1. ‘நாணயம்’ என்னும் சொல்லின் இரு பொருளையும் எழுதி, அவை தம்முள் இயைபுடையன ஆதலை விளக்குக.
2. கல்லூரியில் சர்மாவுக்கு நேர்ந்த இடர் யாது? அதனை அவர் எவ்வாறு வென்றார்?
3. தந்தையார் மகனுக்குக் கூறிய அறிவுரை சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. மின்பணப்பைக்கும் யு.பி.ஐ. முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
5. நூற்றுக்கு 24 வட்டிக்கு 50,000 ரூபாய் கடன் பெற்றவர் ஈராண்டில் செலுத்தும் தனிவட்டியைக் கணக்கிடுக.
6. உம் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம், பணத்தாளாகப் பெறுவதிலும் கைப்பேசி வழிப் பெறுவதிலும் உள்ள நன்மை தீமைகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.